கிழியாத மூட்டை

பஞ்சு என்று அவருக்குப் பட்டம் கொடுத்தது கிடங்கில் அவரோடு மூட்டை தூக்கியவர்கள். ஆள் பஞ்சு மாதிரி இருப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். கழுத்தும் தோளும் மரக்கட்டை. கைதான் பஞ்சு. மாவு மூட்டையோ உர மூட்டையோ, லாரியிலிருந்து முதுகில் வாங்கி, பலகை ஏறி, அடுக்கின் உச்சியில் இறக்கும்போது தூங்குகிற குழந்தையைக் கீழே விடுகிற மாதிரி விடுவார். மற்றவர்கள் இரும்புக் கொக்கி போட்டு வெடுக்கென்று இழுப்பார்கள். பஞ்சு கொக்கியைத் தொட்டதே இல்லை. அத்தனை வருஷத்தில் ஒரே ஒரு மூட்டைதான் அவர் கையில் கிழிந்தது. அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போகவேண்டும்.

அந்தக் கிடங்கில் ஒரு வழக்கம். வழக்கமாம், பெரிய வழக்கம்! மூட்டையைக் கிழித்தவன் கழுத்தில் அந்தக் கிழிந்த சாக்கையே மாட்டி, லாரி வந்து போகிற வாசலில் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை நிற்க வைப்பார் மேஸ்திரி. போகிறவன் வருகிறவன் எல்லாம் பல்லைக் காட்டிவிட்டுப் போவான். கல்யாணமான புதிதில் பஞ்சுவும் ஒருநாள் அப்படி நின்றார். புருஷன் வேலை பார்க்கிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று பெண்டாட்டிக்கு அன்றைக்கென்று பார்த்தா ஆசை வரவேண்டும்? தூக்குவாளியில் சாப்பாட்டோடு வந்துவிட்டாள். கழுத்தில் சாக்கோடு நிற்கிற புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்தாள். விறுவிறுவென்று போய்ச் சாக்கைக் கழற்றி மேஸ்திரியின் காலடியில் வீசிவிட்டு, "சாப்பிட வாங்க" என்றாள்.

வேறு யாராக இருந்தாலும் இப்படி ஒரு பெண்டாட்டி வாய்த்ததை ஊரெல்லாம் சொல்லிப் பூரித்திருப்பான். பஞ்சுவுக்கு அவள் கழற்றியது மனதில் நிற்கவில்லை, அவள் பார்த்ததுதான் நின்றது. அன்றிலிருந்து சாக்கு 'சர்ர்' என்று கிழிகிற சத்தம் எங்கே கேட்டாலும் அவர் கை தானாகக் கழுத்துக்குப் போகும். கடையில் யாரோ பையைப் பிரித்தால்கூடத் திரும்பிப் பார்ப்பார்.

பிறகு கிடங்குக்கு மூட்டை ஏற்றுகிற எந்திரம் வந்தது. அதே சமயத்தில் பஞ்சுவின் முதுகும் விட்டுப்போனது. நல்லதாய்ப் போயிற்று என்று இரண்டு நல்ல வார்த்தை சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீடு என்றால் தகரம். சுவர் தகரம், கூரை தகரம், கதவும் தகரம். ஒரே அறை. கட்டில் போட்ட இடம் போக அடுப்பு, அடுப்பு போக ஒரு தண்ணீர்க் குடம், மேலே துணி தொங்குகிற கயிறு. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒரு கம்பி வளையம், அதை ஆணியில் மாட்டவேண்டும். வெளியிலிருந்து விரலை விட்டு நெம்பினால் போதும், கழன்றுவிடும். களவு போக உள்ளே என்ன இருக்கிறது என்று அதை யாரும் மாற்றவில்லை. மனைவி ஓர் ஆஸ்பத்திரி கேன்டீனில் தட்டு கழுவப் போனாள். பஞ்சு வீட்டில் உட்கார்ந்து வெந்துகொண்டிருந்தார்.

அப்படி இருக்கையில் ஒரு மத்தியானம் மகள் வந்து நின்றாள். வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள், அவள் இடுப்பிலேயே ஒரு பெண் குழந்தை வந்து உட்கார்ந்த பிறகும். உதடு வீங்கியிருந்தது. ஒரு கண்ணைத் திறக்க முடியவில்லை.

"அடிச்சுட்டான்ப்பா. இனிமே நான் அங்க போகமாட்டேன்."

மருமகன் லேத் பட்டறையில் வேலை. ஊருக்கு முன்னால் தேனாய்ப் பேசுவான். சாயந்திரமே பின்னாலேயே வந்துவிட்டான். "சின்னச் சண்டை மாமா, எங்கதான் இல்ல?" என்று சிரித்தான். பாப்பா கதவைச் சாத்தி வளையத்தை மாட்டிக்கொண்டாள். அவன் சிரித்த முகம் மாறாமல் இடுக்கில் விரலை விட்டான். வளையம் கழன்றது. உள்ளே போய் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். குழந்தை வீறிட்டது.

பஞ்சு என்ன செய்தார் என்கிறீர்களா? நூறு கிலோ மூட்டையை முதுகில் வாங்கிய மனுஷன், மகளின் மணிக்கட்டிலிருந்து அந்தக் கையை எடுக்கவில்லை. "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா. இங்க உன்னை எங்க படுக்க வைப்பேன்?" என்றார். சொன்ன வாயை அறுத்துப் போட்டால் தேவலை என்று அந்த நிமிஷமே தோன்றியது. தோன்றி என்ன பிரயோஜனம்?

பஸ்ஸில் அவன் முன்னால் ஏறிப் போனான். பாப்பா அழவில்லை. "உள்ள இருந்து தாப்பா போடற மாதிரி ஒரே ஒரு ரூம் இருந்தா போதும்ப்பா. அவன் வந்து தட்டிட்டுப் போகட்டும். அப்படி ஒண்ணு இருந்தா சொல்லு. அன்னிக்கே வந்துடறேன்" என்றாள்.

அதற்கப்புறம் பஞ்சுவுக்குச் சோறு இறங்கவில்லை. தகர வீட்டுக்குப் பின்னால் அவர்களுடைய இடம் கொஞ்சம் சும்மா கிடந்தது. உடைந்த தொட்டியும் முள்செடியுமாக. அதில் ஓர் அறை எழுப்பலாம். எதைக் கொண்டு எழுப்புவது? செங்கல்லும் சிமெண்டும் அவர்கள் கைக்கு எட்டாது. அந்த நேரத்தில்தான் கேன்டீனில் யாரோ பேசிக்கொண்டதை மனைவி காதில் வாங்கிக்கொண்டு வந்தாள்.

"ஊருக்கு வெளிய ஒரு பொண்ணு சாக்குல மண்ணை நிரப்பி வீடு கட்டறதைச் சொல்லிக் குடுக்கறாளாம். கூட வேலை செஞ்சா போதுமாம், சும்மாவே கத்துக்கலாமாம்."

"சாக்குலயா?" என்றார் பஞ்சு. ரொம்ப நாளைக்கு அப்புறம் அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அடியே, அது என் வேலைடி!"

போனார். சொல்லிக்கொடுக்கிற பெண்ணை எல்லாரும் டீச்சர் என்றார்கள். தலைமுடியெல்லாம் களிமண், கால்சட்டை முட்டி கிழிசல், ஆனால் வார்த்தை கணீரென்று வரும். கண்ணாடிப் போத்தலில் மண்ணையும் தண்ணீரையும் குலுக்கி வைத்தால் மணல் அடியில் தங்கி, களிமண் மேலே நிற்கும். எது எவ்வளவு என்று அதில் பார்க்கவேண்டும். ஈர மண்ணைப் பிடித்து உருண்டையாக்கி இடுப்புயரத்திலிருந்து போட்டால் அது சிதறவும் கூடாது, சப்பையாகவும் கூடாது. சாக்கில் நிரப்பி, வாயை மடித்து, ஒன்றோடொன்று நெருக்கிப் படுக்கவைத்து, திமிசுக்கட்டையால் இடிக்கவேண்டும். முதலில் 'தொப் தொப்' என்று கேட்கும். இடிக்க இடிக்கச் சத்தம் இறுகி 'டங்' என்று மாறும். மாறினால் அந்த மூட்டை கல்லாகிவிட்டது என்று அர்த்தம்.

பஞ்சு அங்கே ராஜாவாக இருந்தார். படித்த பையன்கள் ஒரு மூட்டையைத் தூக்குவதற்குள் நாக்குத் தள்ளி நிற்பார்கள். இவர் விட்டுப்போன முதுகோடு நாலு மூட்டையை நூல் பிடித்த மாதிரி அடுக்கிவிட்டு, "என்ன தம்பிகளா, சாப்பாட்டுல உப்புப் போட்டுத்தானே சாப்பிடறீங்க?" என்பார். டீச்சரே, "ஐயா அடுக்கினா மட்டம் பார்க்கவே வேண்டாம்" என்றாள். அதைக் கேட்டு அவருக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு விஷயம்தான் தொண்டையில் சிக்கியது. ஒவ்வொரு வரிசை முடிந்ததும் மூட்டைகளின் மேல் இரண்டு ஓட்டம் முள்கம்பி இழுத்து, அதன் மேல் அடுத்த வரிசையை வைத்து இடிக்கவேண்டும். முள் கீழ்ச்சாக்கிலும் மேல்சாக்கிலும் குத்தி இறங்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது பஞ்சு கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"சாக்கு கிழிஞ்சுடாதா டீச்சர்?"

"கொஞ்சம் குத்தத்தான் செய்யும் ஐயா. குத்தினாத்தான் பிடிக்கும். செங்கலுக்கு நடுவுல சிமெண்ட் மாதிரி, நமக்கு இந்த முள்ளுதான். இது இல்லேன்னா மேல இருக்கறது கீழ இருக்கறதைப் பிடிச்சுக்காது, வழுக்கிட்டு வந்துடும்."

தலையை ஆட்டினார். ஆனால் கம்பி இழுக்கிற நேரம் வந்தால் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார், அல்லது மண் சலிக்கப் போய்விடுவார். அடுக்குவதற்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. கடைசிவரை ஒரு முழம் கம்பிகூட அவர் கையால் இழுக்கவில்லை. அதை அங்கேயே யாராவது பிடித்து, "இழுய்யா!" என்று ஓர் அதட்டல் போட்டிருக்கக் கூடாதா!

வீட்டுக்குப் பின்னால் வேலை ஆரம்பமானது. எழுத்துத் தலைகீழாக அச்சான மாவுச் சாக்குகளை ஆலையில் கழித்துக் கட்டியிருந்தார்கள், அவற்றைக் கேட்டு வாங்கிவந்தார். பள்ளம் தோண்டிச் சரளை போட்டு இடித்தார். மனைவி வேலைக்குப் போய்வந்த கையோடு மண் குழைப்பாள். பக்கத்து வீட்டுக் கொத்தனார் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "என்ன பஞ்சு, வெள்ளம் வருதா? சொல்லவே இல்லையே!" என்று கேலி செய்வார். "வரும்யா, உன் வீடுதான் முதல்ல மிதக்கும்" என்று இவரும் விடமாட்டார். அந்த நாட்களில் பஞ்சு பாட்டுக்கூட முணுமுணுத்தார். மனைவி அதைக் கேட்டும் கேட்காத மாதிரி இருந்தாள், நிறுத்திவிடப் போகிறாரே என்று.

கீழ்வரிசைகளுக்கு முள்கம்பி போட்டார்கள். மனைவிதான் ஒரு முனையைப் பிடித்தாள், உள்ளங்கையில் ரத்தம் கட்டியது. பஞ்சு முகத்தைத் திருப்பிக்கொண்டு மூட்டையை வைப்பார். சுவர் ஜன்னல் உயரத்துக்கு வந்தபோது நடந்தது அது. மேல்மூட்டையைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம் என்று நகர்த்தினார். முள்ளில் மாட்டி 'சர்ர்' என்று ஒரு சாண் கிழிந்தது. மண் பொலபொலவென்று கொட்டியது. சாக்கு போனால் போகட்டும் என்று வேறு ஒன்று வைத்தால் முடிந்தது. ஆனால் பஞ்சு தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கிடங்கு வாசலில் நின்ற பையனாகிவிட்டார்.

"என்னங்க ஆச்சு? சாக்குதானே!" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல."

மறுநாள் அவள் வேலையிலிருந்து வந்தபோது அடுத்த வரிசை ஏறியிருந்தது. கம்பிச் சுருள் மூலையில் அப்படியே கிடந்தது.

"கம்பி போடலையா?"

"மேல பாரம் கம்மி. இதுக்கு மேல தேவையில்லைன்னு டீச்சரே சொல்லிருக்கு."

பச்சைப் பொய். டீச்சர் அப்படிச் சொல்லவே இல்லை. ஒரு தடவை அந்தப் பெண் போன் பண்ணி, "வேலை எப்படிப் போகுது ஐயா? ஒவ்வொரு வரிசைக்கும் கம்பி போட்டீங்கல்ல?" என்று கேட்டபோதும், "போட்டேம்மா, போட்டேன்" என்றார். மற்ற எல்லாவற்றையும் அவள் சொன்ன மாதிரியேதான் செய்தார். சுவருக்கு முட்டுச்சுவர் கொடுத்தார். வெயில் பட்டால் சாக்கு பொடிந்துவிடும் என்று தினமும் தார்ப்பாய் போர்த்தினார். டங் என்று கேட்கும்வரை இடிக்காமல் எந்த மூட்டையையும் விடவில்லை. நான் வாழ்நாள் முழுக்க மூட்டை அடுக்கினவன், என் அடுக்கு என்றைக்குச் சரிந்திருக்கிறது என்று ஒரு நம்பிக்கை. கிடங்கில் அடுக்கு நிற்பது மூட்டை மேல் மூட்டை சும்மா உட்கார்ந்திருப்பதால்தான், அதன் தலையில் யாரும் கூரை போடுவதில்லை என்பது அந்த மனுஷனின் புத்திக்கு எட்டவில்லையே!

பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. கொத்தனாரே வந்து தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துவிட்டு, "யோவ், என் வயித்துல அடிச்சுட்டியேய்யா" என்றார். பழைய மரக்கடையில் ஒரு கெட்டிக் கதவு கிடைத்தது. நிலையோடு நட்டு, உள்பக்கம் கைமொத்தத்துக்கு ஓர் இரும்புத் தாழ்ப்பாள் அடித்தார்கள். பஞ்சு உள்ளே நின்று தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, மனைவியை வெளியே நின்று தள்ளச் சொன்னார். அவள் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அசையவில்லை. "இன்னும் நல்லாத் தள்ளுடி!" என்று உள்ளேயிருந்து கத்தினார். இருவரும் சின்னப்பிள்ளைகள் மாதிரி சிரித்தார்கள்.

அன்றே மகளுக்குப் போன் போட்டார். "கதவு மாட்டியாச்சும்மா. கூரை ஒண்ணுதான் பாக்கி, வியாழக்கிழமை காலையில கொத்தனார் வந்து போட்டுடுவாரு. மத்தியான பஸ்ல வந்துடு."

"நெசமாவாப்பா?" என்றாள் பாப்பா.

வியாழக்கிழமை காலை. சுவர் மேல் உத்தரக் கட்டை வைத்து, சரிவாகச் சட்டங்களைச் சாய்த்தார்கள். கொத்தனார் சுவரின் மேலே ஏறி உட்கார்ந்து ஆணி அடிக்க ஆரம்பித்தார். பஞ்சு கீழே நின்று தகரத் தகட்டை எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு அடிக்கும் சுவருக்குள் ஏதோ முனகியது. அந்தச் சத்தம் உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் பஞ்சுவுக்குத் தெரியும். அடுக்கு நகர்கிற சத்தம்.

"குதிய்யா!" என்று அலறினார்.

கொத்தனார் குதித்துவிட்டார். காலில் சிராய்ப்போடு போயிற்று. ஜன்னலுக்கு மேலே சுவர் வயிறு தள்ளியது. ஒரு மூட்டை வழுக்கி வெளியே வந்தது, அதன் பின்னால் இன்னொன்று, அப்புறம் மொத்தமாகச் சரிந்தது. கூரைச் சட்டம் எதிர்ச்சுவரையும் இழுத்துக்கொண்டு போனது. முள்கம்பி போட்ட கீழ்ப்பாதி மட்டும் இடுப்புயரத்துக்கு ஓர் இழை நகராமல் நின்றது. நடுவில் கதவு நின்றது, நிலையோடு, தாழ்ப்பாளோடு, இரண்டு பக்கமும் சுவரில்லாமல்.

தூசி அடங்கியதும் கொத்தனார் சரிந்து கிடந்த மூட்டைகளைக் காலால் புரட்டிப் பார்த்தார். பாவம், ஆறுதலுக்குத்தான் சொன்னார்: "ஒண்ணுகூடக் கிழியல பாரு, பஞ்சு."

மத்தியான பஸ்ஸில் பாப்பா வந்தாள். கையில் ஒரு பை, இடுப்பில் குழந்தை. பின்னால் வந்து பார்த்தாள். அம்மாக்காரி மண்ணில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். குழந்தைக்கு ஒன்றும் தெரியாது. கதவைக் கண்டதும் இறங்கி ஓடி, அதைத் திறந்து உள்ளே போய், மூடி, சுற்றிக்கொண்டு வெளியே வந்து, மறுபடி திறந்து விளையாட ஆரம்பித்தது.

மகள் மூலையில் கிடந்த கம்பிச் சுருளைப் பார்த்தாள். போனில் அப்பா வாய் ஓயாமல் சொன்ன பாடமெல்லாம் அவளுக்கும் தெரியும்.

"ஏம்ப்பா கம்பி போடல?"

பஞ்சுவுக்குப் பொய் வரவில்லை. "மூட்டை கிழிஞ்சுடும்னு... கை வரலம்மா."

அவள் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை.

"ஒரு சாக்கு கிழியறதைப் பார்க்கமுடியல உனக்கு," என்றாள் மெதுவாக. "என்னை மட்டும் அனுசரிச்சுப் போகச் சொன்னியேப்பா."

அவள் அம்மா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "இருடி. இங்கயே இரு. திரும்பக் கட்டிடலாம். நான் கட்டறேன்டி."

"கட்டு, வேணாங்கல. இன்னிக்கு ராத்திரி எங்க தாப்பா போடறது?" பாப்பா தகரக் கதவின் கம்பி வளையத்தைப் பார்த்தாள். "நான் கிளம்பினது அவனுக்கு இன்னும் தெரியாது. வேலை முடிஞ்சு அவன் வர்றதுக்குள்ள நான் அங்க இருந்தாகணும். தெரிஞ்சா கொன்னுடுவான்."

கதவோடு விளையாடிக்கொண்டிருந்த குழந்தையைத் தூக்கினாள். அது வரமாட்டேன் என்று தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கவேண்டியிருந்தது. பஞ்சு பையைத் தூக்க வந்தார். "வேணாம்ப்பா, வை" என்றாள். அம்மா மட்டும் பஸ் நிறுத்தம்வரை கூடப் போனாள்.

பஸ் போய், பஸ் போன திசையும் வெறிச்சென்று ஆனபிறகு, அவள் திரும்பி வந்தாள். வீட்டில் ஆளைக் காணோம். பின்னால் போனாள்.

பஞ்சு கதவு நிலைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். மிச்சமிருந்த வெறும் சாக்கு ஒன்றை எடுத்து, முள்கம்பியில் கொடுத்து மேலிருந்து கீழ்வரை கிழித்திருந்தார். கை முழுக்கக் கீறல், ரத்தம். கிழிந்த சாக்கைக் கழுத்தில் மாட்டியிருந்தார். கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, மேஸ்திரி நிறுத்தி வைத்த மாதிரியே நின்றார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கொத்தனார் பார்த்துவிட்டு, கேலி செய்ய வாயெடுத்தவர், அப்படியே உள்ளே போய்விட்டார்.

மனைவி வருகிற காலடிச் சத்தம் கேட்டுப் பஞ்சு நிமிர்ந்தார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவளுக்கும் அந்தக் கிடங்கு வாசல் நினைவுக்கு வராமல் இருக்குமா? அவள் கிட்டே வருவாள், கழற்றி வீசுவாள், சாப்பிட வாங்க என்பாள் என்று அவர் காத்துக்கொண்டு நின்றார்.

அவள் திரும்பி நடந்து வீட்டுக்குள் போனாள். தகரக் கதவைச் சாத்தினாள். உள்ளே கம்பி வளையத்தை ஆணியில் மாட்டுகிற சத்தம் கேட்டது.